ஷைகுல் அக்பர் இப்னு அரபி (ரஹ்) அவர்களின் கித்தாபுக் கணக்கு

வருஷக் கடைசி வந்துவிட்டால் வியாபாரிகளாகிய நமக்கு இருப்புக் கணக்கு எடுக்கும் வேலை வந்துவிடுகிறது. கடையில் கிடக்கும் சரக்கு எவ்வளவு, கடனாகப் போனது எவ்வளவு, நம்பிக் கொடுத்துத் திரும்பாதது எவ்வளவு என்று பேரேட்டைப் புரட்டி எழுதுகிறோம். ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ஞானப் பெரியாரும் தம் முதுமையில் இப்படியொரு கணக்கு எழுதி வைத்தார்கள். அவர்களது சரக்கு கித்தாபுகள். உலகத்து முஸ்லிம்களால் ஷைகுல் அக்பர், அதாவது மாபெரும் ஷைகு என்று போற்றப்படும் முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்களே அந்தப் பெரியார்.

அவர்கள் ஹிஜ்ரி 560, கி.பி. 1165ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்து முர்ஸியா நகரில் பிறந்தார்கள். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். 1172இல் ஆட்சி மாறியதும் குடும்பம் இஷ்பீலியா நகருக்குக் குடிபெயர்ந்தது. இன்று செவில் என வழங்கும் ஊர் அதுதான். செல்வமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை. தந்தையின் உத்தியோகம் தமக்கும் கிடைக்கக்கூடிய நிலை. ஆனால் வாலிப வயதிலேயே அவர்களது உள்ளம் வேறு திசையில் திரும்பிவிட்டது. அரண்மனை வாசலை விட்டு, ஏழை எளிய ஞானிகளின் வாசலைத் தேடிச் சென்றார்கள்.

அப்படி அவர்கள் தேடிச் சென்று ஊழியம் செய்தவர்களில் பெண்மணிகளும் உண்டு. இஷ்பீலியாவில் 90 வயதைத் தாண்டிய பாத்திமா என்ற மூதாட்டி, பிறர் வாசலில் வைத்த மீதி உணவை உண்டு, இறைதியானத்தில் காலம் கழித்து வந்தார். அவருக்கு நாணற்குச்சிகளால் தம் கையாலேயே குடிசை கட்டிக் கொடுத்து, ஒரு மகனைப்போல் இருந்து பணி செய்தார்கள். பிற்காலத்தில் மக்கா சென்றபின், தம் தாய்நாட்டில் தமக்கு வழிகாட்டிய 50க்கும் மேற்பட்ட ஞானிகளின் வரலாற்றை ரூஹுல் குத்ஸ் என்ற கித்தாபில் எழுதினார்கள். செருப்புத் தைப்பவர், கூலிக்காரர் என்று சரித்திரம் மறந்துபோயிருக்கக்கூடிய பலருடைய பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது அந்த எழுத்தால்தான்.

வாலிபத்தில் குர்துபா நகரில் தத்துவ மேதை இப்னு ருஷ்து அவர்களைச் சந்தித்தார்கள். இப்னு ருஷ்து அவர்கள் 1198இல் மராக்கிஷ் நகரில் காலமானபின், அவரது உடல் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பாரம் சுமக்கும் பிராணியின் ஒரு பக்கத்தில் ஜனாஸாப் பெட்டி. பாரம் சரியாமல் இருக்க மறுபக்கத்தில் அவர் எழுதிய நூல்களின் கட்டு. ஒரு மனிதனின் உடலும் அவன் எழுத்தும் எதிரெதிர்த் தட்டில் நிற்கும் அந்தக் காட்சியை இப்னு அரபி அவர்கள் நேரில் கண்டார்கள். தராசு பிடித்துப் பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உடல் மண்ணுக்குப் போய்விடும். எழுத்தோ அதைக் காப்பவர்கள் இருக்கும்வரை இருக்கும்.

1200ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார்கள்; பிறகு திரும்பவே இல்லை. 1202இல் மக்கமா நகரம் சேர்ந்தார்கள். அங்கேதான் அல்புதூஹாத்துல் மக்கிய்யா என்ற பெருநூலை எழுதத் தொடங்கினார்கள். 560 அத்தியாயங்கள் கொண்ட அந்த ஞானக்கடல் முடிய ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆயின. முடிந்தபின்னும் ஓயாமல், மீண்டும் முதலிலிருந்து திருத்தி, 1238இல் 37 பாகங்களாகத் தம் கைப்படவே எழுதி முடித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 70ஐத் தாண்டிவிட்டது.

இடைப்பட்ட காலமெல்லாம் பிரயாணம். மோசூல், கோனியா, மலாத்தியா, ஹலப் என்று ஊர் ஊராகச் சென்றார்கள். சென்ற இடமெல்லாம் எழுதினார்கள். தாயிபுக்குச் சென்றிருந்தபோது தோழர்கள் இருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சிறு கித்தாபு. வேறோர் ஊரில் ஒரு மாணவருக்காக ஒன்று. பெரிய நூல்கள் சில. ஒரு சில ஏடுகளே உள்ளவை பல. எழுதியவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். எழுத்து அந்த ஊரிலேயே தங்கிவிடும். இவ்வாறே அவர்களது செல்வம் உலகமெங்கும் சிதறியது.

1223இல் டமாஸ்கஸ் நகரில் நிலையாகத் தங்கினார்கள். நபிமார்களின் ஞானத்தைப் பற்றி 27 அத்தியாயங்களில் அமைந்த புஸூஸுல் ஹிகம் 1229இல் அங்கே உருவாயிற்று. நாம் முதலில் சொன்ன கணக்கு எழுதப்பட்டதும் அந்த ஹிஜ்ரி 627ஆம் ஆண்டையொட்டித்தான். தம் அன்புக்குரிய மாணவர் ஸத்ருத்தீன் கூனவி அவர்களுக்காக அதை எழுதினார்கள். ஏறக்குறைய 250 நூல்களின் பெயர்கள் அதில் உள்ளன. எழுதி முடித்தவை எவை, முடியாதவை எவை, ஒருவரிடம் அமானிதமாகக் கொடுத்துத் திரும்பி வராதவை எவை என்றெல்லாம் பிரித்துக் காட்டினார்கள். பெரிய ஞானிக்கும் வராக்கடன் இருந்திருக்கிறது! 1234இல் ஓர் அரசருக்குத் தம் நூல்களைக் கற்பிக்க அனுமதிப் பத்திரம் வழங்கியபோது மறுபடியும் ஒரு பட்டியல் எழுதினார்கள். அதில் 290 பெயர்கள் வரை உள்ளன.

1240இல் அவர்கள் டமாஸ்கஸில் வபாத்தானார்கள். காஸியூன் மலைச்சாரலில் ஸாலிஹிய்யா என்ற பகுதியில் அடக்கம் நடந்தது. 1516இல் அந்நகரைக் கைப்பற்றிய துருக்கி சுல்தான் முதலாம் சலீம், அங்கே பள்ளிவாசலும் ரவ்ளாவும் கட்டுவித்தார்.

அந்தப் பட்டியலால் என்ன பயன் என்று கேட்கலாம். ஷைகு அவர்களின் கருத்துகளைக் குறித்து உலமாக்களிடையே பெரும் விவாதம் நடந்திருக்கிறது. இமாம் இப்னு தைமிய்யா போன்றோர் கடுமையாக மறுத்தார்கள். வேறு பல இமாம்கள் வலியுல்லாஹ் என்று போற்றினார்கள். அந்த விவாதத்தைத் தீர்ப்பது நமது வேலையன்று. ஆனால் ஒருவரைப் புகழ்ந்தாலும் குறை கூறினாலும், அவர் எழுதியதை வைத்தல்லவா பேச வேண்டும்? அவர்கள் பெயரில் அச்சாகி விற்பனையான குர்ஆன் விரிவுரை ஒன்று உண்மையில் பின்னால் வந்த அப்துர் ரஸ்ஸாக் காஷானி என்பவர் எழுதியது. அவர்கள் பெயரில் உலவிய அஹதிய்யா என்ற சிறுநூல் பல்யானி என்பவருடையது. ஒருவர் சரக்கு மற்றொருவர் கணக்கில் ஏறிவிட்டது!

16ஆம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து இமாம் ஷஃரானி அவர்கள் புதூஹாத்தைச் சுருக்கி எழுதும்போது, சில பகுதிகள் மார்க்கத்துக்கு ஒவ்வாதனவாகத் தோன்றவே அவற்றை விட்டுவிட்டார்கள். பின்பு, கோனியாவிலிருந்த மூலப்பிரதியோடு ஒப்புநோக்கிய பிரதி ஒன்று அவர்கள் கைக்கு வந்தது. தாம் சந்தேகப்பட்ட இடங்கள் அதில் இல்லாதிருக்கக் கண்டதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஷைகு அவர்கள் கைப்பட எழுதிய அந்த மூலத்தைக் காத்து வைத்தவர் யார்? மாணவர் கூனவி அவர்கள்தான். 1274இல் வபாத்தான கூனவி அவர்கள் சேர்த்து வைத்த நூல்கள் தலைமுறை தலைமுறையாகக் கோனியாவில் காக்கப்பட்டன. அந்த 37 பாகங்களும் இன்று இஸ்தான்புல்லில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அல்ஜீரியா வீரர் அமீர் அப்துல் காதிர் அவர்களும், அச்சான நூலைச் சரிபார்க்க ஆலிம்களைக் கோனியாவுக்கே அனுப்பினார்கள்.

நம் காலத்தை ஒட்டி, உஸ்மான் யஹ்யா என்ற சிரியா நாட்டு அறிஞர், உலகத்து நூலகங்களில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் தேடி, 1964இல் இரண்டு பாகங்களில் ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டார். அதில் 846 தலைப்புகள் உள்ளன. ஒரே நூல் பல பெயர்களில் வழங்கியதும், பிறர் நூல் அவர்கள் பெயரில் வழங்கியதும் அதனால் வெளிப்பட்டன. இவற்றைப் பிரித்தறிய அவருக்கு உதவிய சாட்சிகளில் முக்கியமானவை ஷைகு அவர்களே எழுதி வைத்த அந்த இரண்டு பட்டியல்கள். 1977இல் அவர்கள் பெயரால் தொடங்கிய சங்கமும் கையெழுத்துப் பிரதிகளின் படங்களைத் திரட்டி இந்தப் பணியைத் தொடர்ந்து வருகிறது.

பெக்கோக்கில் கடை வைத்திருக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. ஷைகு அவர்களின் ஞானம் இந்த மலாய் மண்ணுக்கும் வந்தது. ஹம்ஸா பன்ஸூரி அவர்கள் அதை மலாய் மொழியில் பாடியும் எழுதியும் பரப்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆச்சே நாட்டில் எழுந்த விவாதத்தில் ஹம்ஸாவின் நூல்கள் பள்ளிவாசல் முன்னே எரிக்கப்பட்டன. எங்கோ சிலர் படியெடுத்து வைத்திருந்ததால்தான் அவை முற்றிலும் அழியவில்லை. ஜொகூரில் பள்ளிப்படிப்புப் பயின்ற அறிஞர் சையித் முஹம்மது நகீப் அல் அத்தாஸ் அவர்கள் 1970இல் அவற்றை ஆராய்ந்து அச்சில் தந்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் நம் பாட்டனார்கள் கப்பலேறி வந்தபோது, துணிமணிகளோடு அரபுத் தமிழ்க் கித்தாபுகளையும், மவ்லிது ஏடுகளையும், கையால் எழுதிய முனாஜாத்துகளையும் கொண்டு வந்தார்கள். அவற்றில் எத்தனை இப்போது இருக்கின்றன? நெருப்பு வேண்டியதில்லை; இந்த ஊர் மழையும் கரையானும் போதும். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். படிக்கத் தெரியாததால் வீட்டுப் பிள்ளைகள் அதைக் குப்பை என்று எண்ணுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னது இது என்று நாம் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பெட்டியைத் திறந்து பாருங்கள். நூலின் பெயர், எழுதியவர் பெயர், படியெடுத்தவர் பெயர், ஆண்டு, இப்போது யார் கையில் இருக்கிறது என்ற ஐந்து விவரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் முதல் வரியை எழுதுங்கள். அதுவும் தெரியாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்து, தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். இரவல் கொடுத்தால் அதையும் குறித்து வையுங்கள். நூலை யாருக்கும் தர வேண்டியதில்லை. கணக்கு இருந்தால் போதும். அந்தக் கணக்குகளைச் சேர்த்து எழுத நமது சங்கத்தில் ஒரு பேரேடு போடலாம்.

கடைக் கணக்கு சரியாக இருந்தால் வாரிசுகளுக்குள் வழக்கு வராது. ஞானக் கணக்கு சரியாக இருந்தால் முன்னோர் மீது பொய் வராது. ஷைகுல் அக்பர் அவர்கள் தம் கைப்படக் காட்டித் தந்த வழி அது. வல்ல அல்லாஹ் நம் பெரியோர்களின் அமானிதத்தைக் காக்கும் தௌபீக்கை நமக்குத் தந்தருள்வானாக, ஆமீன்.