தபாலில் வந்த வயலின் பாடம்!

குட்டீஸ்... இன்று இன்டர்நெட் வழியே வயலின் கற்கிறோம். 1760லேயே, கடிதம் வழியே வயலின் பாடம் சொல்லித் தந்தவரைத் தெரியுமா? அவர் தான் ஜுசெப்பே தார்த்தினி!

பிரானோ என்ற ஊரில், 1692ல் பிறந்தார். அந்த ஊர் இன்று ஸ்லோவேனியா நாட்டில் இருக்கிறது. சட்டம் படிக்க, இத்தாலியின் பதுவா நகருக்குச் சென்றவர், வயலின் மேதை ஆனார். அங்கே அவர் துவங்கிய வயலின் பள்ளிக்கு, பல நாட்டு மாணவர்கள் தேடி வந்தனர்.

வெனிஸ் நகரில், ஆதரவற்ற சிறுமியர் இல்லத்தில் வளர்ந்தவள் மதலேனா லொம்பார்தினி, வயது, 14. நினைத்தபடி வெளியே செல்ல முடியாது. எப்படிக் கற்பது?

மார்ச் 5, 1760ல், அவளுக்கு நீண்ட கடிதம் எழுதினார் தார்த்தினி. வில்லை மெல்ல இழுத்து, ஓசையைப் படிப்படியாகக் கூட்டி, பின் குறைக்க வேண்டும். காலையில் சிறிது, மாலையில் சிறிது என, தினமும் ஒரு மணி நேரமாவது பழக வேண்டும் என்று விளக்கியிருந்தார்.

ஆனால், விரல் பிசகினால் கடிதம் திருத்துமா? அதனால், அனுமதி பெற்று, பதுவாவுக்கே சென்று நேரிலும் கற்றாள். வளர்ந்ததும், 1768ல் பாரிசிலும், 1771ல் லண்டனிலும் வாசித்து, புகழ் பெற்றார் மதலேனா.

தார்த்தினி, 1770ல் மறைந்தார். அந்தக் கடிதம் அச்சாகி, இன்றும் வயலின் மாணவர்களுக்கு உதவுகிறது.

தூரத்தில் இருக்கும் ஆசிரியரிடம் பாடம் கேளுங்கள், தினமும் பழகுங்கள். வாய்ப்பு கிடைத்தால், நேரில் வாசித்துக் காட்டி, பிழை திருத்திக் கொள்ளுங்கள். சரியா குட்டீஸ்!