தரங்கம்பாடித் திண்ணையில் சீகன்பால்கு

தமிழ் பயின்ற மேலைநாட்டாருள் வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகிய மூவரையும் நம் மாணவர் நன்கறிவர். அவர்களுக்கு இணையாகப் பேசப்பட வேண்டிய பார்த்தலோமேயு சீகன்பால்குவோ, புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதன்முதலாக முழுமையாக அச்சேற்றியவர் என்னும் ஒருவரி விடையளவில் நின்றுவிடுகிறார். அந்த ஒருவரிக்கு முன்னே நீண்டதொரு மாணவப் பருவம் உண்டு. கற்பிக்கவென்று கடல் கடந்து வந்தவர், வந்த இடத்தில் அகரம் முதலாகக் கற்க நேர்ந்த பருவம் அது. அதனையே ஈண்டுச் சற்று விரிவாக நோக்க விழைகிறோம்.

செருமனியின் சாக்சனிப் பகுதியில் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தவர் சீகன்பால்கு. தந்தையார் தானிய வணிகர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஹாலே நகரில் அகஸ்டு ஹெர்மன் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் சமயக்கல்வி பெற்றார். அந்நாளில் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு, தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத்தொண்டர்களை அனுப்ப விரும்பினார். தம் நாட்டில் தக்கார் கிட்டாமையால் செருமனியில் தேடினார். சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோ என்பவரும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். 1705 நவம்பர் 29 அன்று ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏறத்தாழ ஏழு திங்கள் கடலில் கழித்து, 1706 சூலை 9 அன்று தரங்கம்பாடியில் கால்வைத்தனர்.

தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் டேனிசு வணிகர் குடியேறிய துறைமுகம் அது. வணிகம் செய்ய வந்தோர்க்குச் சமயம் பரப்புவோர் வேண்டாத விருந்தினர். ஆளுநர் ஹாசியசு அவர்களைப் பல மணிநேரம் காக்கவைத்துப் பின்னர்ச் சினந்து பேசினார். தங்க இடமும் தரவில்லை. மன்னரின் ஆணையோடு வந்த இருவரும் கடைவீதியில் செய்வதறியாது நின்றனர் என்பது வரலாறு. பின்னர் இரக்கமுள்ள ஒருவரால் தங்குமிடம் கிட்டியது.

உறைவிடம் கிடைத்தது, உரையாட மொழி இல்லை. தரங்கம்பாடியில் அக்காலத்தில் இருமொழிகள் பயன்பட்டன. ஐரோப்பியரும் அவர்தம் பணியாளரும் சிதைந்த போர்த்துகீசிய மொழியில் பேசிக்கொண்டனர். ஊர்மக்கள் மொழி தமிழ். அதனை ஐரோப்பியர் மலபார் மொழி என்று தவறாக அழைத்து வந்தனர். புதிதாக வந்தோர் முதலில் போர்த்துகீசியத்தையே கற்கத் தொடங்கினர். அது கொண்டு கடைத்தெருவரை செல்லலாமேயன்றி மக்களின் உள்ளத்தருகே செல்ல இயலாது என்பதைச் சின்னாளிலேயே உணர்ந்தனர். எனவே பணியைப் பகுத்துக்கொண்டனர். போர்த்துகீசியம் புளூட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குவுக்கு.

தமிழ் கற்பிக்க யாரைத் தேடுவது? எழுபது வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியையே தம் இல்லத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறு வேண்டினர். முதியவரும் இசைந்தார். இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்றுவந்த 24 வயதுப் பட்டதாரிப் பருவத்தினர், ஊர்ச்சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் எழுத்தெழுதி, அவர்களைப்போலவே உரக்கச் சொல்லிப் பழகினார். சிறுவர்க்கு அது எத்துணை வேடிக்கையாக இருந்திருக்கும் என நாம் எண்ணிப்பார்க்கலாம்!

அவர்முன் நின்ற இடர்ப்பாடு சிறிதன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். லகர ளகர ழகரங்களும், ணகர நகர னகரங்களும் செருமானியச் செவிக்கு ஒன்றுபோலவே ஒலிப்பன. ககரம் ஒன்றே ‘கல்’, ‘தங்கம்’, ‘முகம்’ என்னும் மூன்றிடத்தும் மூவேறு ஒலி பெறுகிறது. இவற்றினும் பெரிய இடர் ஏட்டெழுத்தில் இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் மெய்களுக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒருபடித்தாகவே தோன்றும். ஆதலால் ஏட்டைப் படிக்க எழுத்தறிவு மட்டும் போதாது. சொல்லின் பொருள் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். பொருள் தெரிந்தவன்தான் படிக்க முடியும். படித்தால்தான் பொருள் தெரியும். இந்தச் சுழலில் எந்த அயலவரும் திகைத்தே போவர்.

முதிய ஆசிரியர் தமிழன்றிப் பிறமொழி அறியாதவர். எழுத்தைக் காட்டினார், படிக்கவும் வைத்தார், பொருளை விளக்க வழியில்லாது போயிற்று. அப்போது துணைக்கு வந்தவர் அழகப்பர். டேனிசு வணிகக் குழுவில் முன்னர் மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், போர்த்துகீசியம், டேனிசு, செருமன், டச்சு ஆகிய மொழிகளை அறிந்தவர். சமயத்தொண்டர்கள் அவரை ஊதியத்துக்கு அமர்த்திக்கொண்டனர். எழுத்து ஒருவரிடமும் பொருள் மற்றொருவரிடமுமாகச் சீகன்பால்குவின் தமிழ்க்கல்வி வளர்ந்தது. எட்டுத் திங்களுக்குள் தமிழில் தங்குதடையின்றிப் பேசலானார் எனில் அப்பெருமையில் பாதி இவ்விருவரையும் சாரும் என்பதே நம் கருத்து. ஆயின் அழகப்பருக்குக் கிடைத்த கைம்மாறு கசப்பானது. அந்நியர்க்கு உதவிய அவர் அதிகாரிகளின் சினத்துக்கு ஆளாகித் தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார். நூலாசிரியர்களைப் போற்றும் நாம் அவர்க்குச் சொல் தந்தவர்களை மறந்துவிடுகிறோம்.

பேச்சுத்தமிழ் கைவந்ததும் சீகன்பால்கு அமைதியுறவில்லை. நூல் தமிழை நாடினார். அவர் வகுத்துக்கொண்ட நாளொழுங்கை இன்றைய மாணவர் கேட்டல் நன்று. காலை ஏழு முதல் எட்டுவரை முன்னர்க் கற்ற சொற்களை மீளப் பார்த்தல், எட்டு முதல் நண்பகல்வரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்க, இதுவரை படித்திராத நூல்களைப் படித்தல், பிற்பகலிலும் படிப்பு, இரவில் விளக்கொளியில் கண்கள் இடர்ப்படும் என்பதால் பிறரைப் படிக்கச்சொல்லிக் கேட்டல். தம் பேச்சுக்கும் எழுத்துக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க நூல்களை மீண்டும் மீண்டும் படித்தார்.

ஏடுகளை எங்கிருந்து பெற்றார்? உள்நாட்டு ஊர்களுக்கு ஆளனுப்பினார். மறைந்த அந்தணர்தம் கைம்பெண்டிரிடமிருந்து குறைந்த விலைக்கு ஏடுகள் கிடைத்தன. விலைக்குத் தராதவற்றைப் படியெடுத்துக்கொண்டார். இரண்டே ஆண்டுகளில் திரண்ட அத்தொகுதிக்கு 1708இல் ‘பிப்லியோதெக்கா மலபாரிக்கா’ என்னும் பெயரில் விளக்கப்பட்டியல் ஒன்றை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். திருக்குறள் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. கத்தோலிக்கத் துறவியர் இயற்றிய தமிழ் நூல்களுக்கு ஒரு பகுதி உண்டு. சமயச் சொற்களை அவர் அவற்றிலிருந்தும் பெற்றார். நம் கல்லூரி வாசகர் மகிழத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். முசுலிம்களின் தமிழ் நூல்களுக்கும் அப்பட்டியலில் தனிப்பகுதி ஒன்று உள்ளது. இசுலாமியத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் புறக்கணிக்கக் கூடாத சான்று அது.

படித்த நூல்களினின்று சொற்களைத் திரட்டினார். தமிழ்ச்சொல், அதன் ஒலிப்பு, செருமானியப் பொருள் என மூன்று பத்திகளாக வகுத்த அவ்வகராதி முதலில் 20,000 சொற்களையும், பின்னர் வளர்ந்து 40,000 சொற்களையும் எட்டியது. செய்யுட் சொற்களுக்கு 17,000 சொற்கள் கொண்ட தனி அகராதியும் தொகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் 1708இல் செருமன் மொழியில் பெயர்த்தார். சிறுவரோடு திண்ணையில் அமர்ந்தவர்க்குச் சிறுவர்தம் நூல்களின் அருமை புலப்பட்டிருந்தது போலும்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த திங்களே ஆளுநருடன் நேர்ந்த பூசலால் டேன்சுபோர்க்குக் கோட்டையில் நான்கு திங்கள் சிறையிருந்தார். விடுதலைக்குப்பின் பணியைத் தொடர்ந்து 1711இல் முடித்தார். தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில் தோன்றியிருப்பினும் பின்னர்த் தளர்ந்து போயிருந்தது. இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழெழுத்துகளும் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

அந்நூலின் தமிழைக் கொச்சை என்று வீரமாமுனிவர் கடிந்தார். அக்கடிதல் முற்றும் பொருந்தாதது அன்று. வீரமாமுனிவர் கற்ற தமிழ் புலவர்தம் தமிழ். சீகன்பால்கு முதலில் கேட்ட தமிழ் தெருவிலும் திண்ணையிலும் ஒலித்த தமிழ். அச்சுவடு இறுதிவரை அழியவில்லை. எனினும் 1716இல் ஹாலேயில் இலத்தீனில் வெளிவந்த அவர்தம் ‘கிராமட்டிக்கா தமுலிக்கா’ என்னும் இலக்கணம், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையினர் எவ்வாறு பேசினர் என்பதற்கு இன்று சான்றாகிறது. புலவர் குறை என்றதை மொழியியலார் பேறு என்பர்.

கற்ற கல்வி அவரையும் மாற்றியது. இந்நாட்டு மக்கள் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என்னும் எண்ணத்தோடு வந்தவர், நீதிநூல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் பிழையென்று வெளிப்படையாக எழுதினார். தம் சமயமே மெய்யென்னும் கொள்கையில் இறுதிவரை உறுதியாக நின்றார் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தாம் மறுக்க வந்த சமயத்தைத் தாமே கற்று, 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவானதொரு நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த மறுமொழி பாராட்டு அன்று. பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்று ஆசிரியர் பிராங்கே கருதினார். நூலை அச்சிட மறுத்தார்.

1719 பிப்ரவரி 23 அன்று, தம் 36ஆம் வயதில், சீகன்பால்கு தரங்கம்பாடியிலேயே மறைந்தார். முந்திய ஆண்டு தாம் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். தெய்வங்களைப் பற்றிய அந்நூல் ஒன்றரை நூற்றாண்டு ஹாலேயில் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. 1867இல்தான் வில்லெம் கெர்மன் என்பார் அதனை வெளியிட்டார். அச்சான இடம் ஹாலே அன்று, சென்னை.