கணிப்பொறியின் மொழி பயின்ற தமிழர் ஆர். நரசிம்மன்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையை எடுத்துரைக்க விரும்புகிறேன். கணிப்பொறி என்றதும், அது பட்டணத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று ஒதுங்கிக்கொள்ளும் மாணவர் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அவ்வச்சத்தை நீக்கவல்லது இவ்வரலாறு.

ஆர். நரசிம்மன் 1926ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1954இல் தாயகம் திரும்பி, ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பம்பாயில் பணியேற்றார்.

நம் நாட்டிலேயே ஒரு கணிப்பொறியை உருவாக்க வேண்டும் என்பதே அவர் ஏற்ற பொறுப்பு. உடன் பணியாற்ற வந்த இளைஞர்கள் பெரும்பாலும் இயற்பியல் பட்டதாரிகள். கணிப்பொறியை இயக்கிப் பார்த்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் மனந்தளராமல் படித்தும், செய்து பார்த்தும், தவறியும், திருத்தியும் கற்றனர். 1956இல் முன்மாதிரிப் பொறி இயங்கியது. 1960இல் முழுப் பொறியும் பணிக்கு வந்தது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். வெற்றிடக் குழாய்களால் ஆன அப்பொறியின் நினைவகத்தில் 2048 சொற்களே அடங்கும். ஒவ்வொரு சொல்லும் 40 இலக்கம் கொண்டது.

அதற்கு வேலை சொல்வது எளிதன்று. 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆணைகளை எழுதி, காகித நாடாவில் துளையிட்டுச் செலுத்த வேண்டும். இது நமக்குப் புரியாத வித்தையன்று. ஆரணிப் பக்கத்துத் தறிகளில் ஜக்கார்டு அட்டையைப் பார்த்திருப்பீர்கள். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அவ்விரண்டு நிலைகளாலேயே முந்தானையில் மயிலும் அன்னமும் உருவாகின்றன. கணிப்பொறியின் இரண்டு இலக்கங்களும் அத்தகையனவே.

இலக்கங்களையே எழுதிக்கொண்டிருந்தால் மனிதன் தடுமாறுவான். ஆதலின் ஒவ்வோர் ஆணைக்கும் ஒரு குறுஞ்சொல் வைத்தனர். அச்சொற்களை இலக்கங்களாக மாற்றித் தரும் ஆணைத்தொடரே அசெம்பிளர் எனப்படுவது. ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் அறிவித்த 360 வரிசைப் பெருங்கணிப்பொறிகளின் அசெம்பிளர் மொழி, வளர்ச்சியுற்ற வடிவில் இன்றும் பெரிய வங்கிகளின் பொறிகளில் வாழ்கின்றது.

நரசிம்மனின் பணி டிஃப்ராக்கோடு நிற்கவில்லை. 1961 முதல் 1964 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில், படங்களைக் கணிப்பொறி இனங்காணும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1978இல் ஐ.பி.எம். நம் நாட்டை விட்டு வெளியேறியபோது, அதன் பொறிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம். அதன் முதல் தலைவரும் இவரே. 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மனிதன் மொழியைக் கற்கும் விதத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்தார். 2007இல் மறைந்தார்.

அவர் வழியில் தொடங்க விரும்பும் மாணவன் முதலில் செய்ய வேண்டுவது யாது? தாளும் பென்சிலும் எடுத்து இரண்டடி எண்களையும் பதினாறடி எண்களையும் பழகுக. 25 என்பது இரண்டடி முறையில் 11001. பதினாறடி முறையில் 19. அடுத்து, கணக்கு நிகழும் இடமாகிய பதிவகங்களை அறிக. 360 வரிசைப் பொறியில் பொதுப் பதிவகங்கள் பதினாறு. பின்னர் மூன்றே ஆணைகள் போதும்: எல் என்பது நினைவகத்திலிருந்து எண்ணைப் பதிவகத்தில் ஏற்றும், ஏ என்பது அதனுடன் கூட்டும், எஸ்.டி. என்பது விடையை நினைவகத்தில் வைக்கும். 25ஐ ஏற்றி, 17ஐக் கூட்டி, 42ஐ வைக்கும் வரையில் ஒவ்வோர் அடியிலும் பதிவகத்தில் இருப்பது என்ன என்று தாளில் எழுதிப் பாருங்கள். அது கைவந்தபின், ஹெர்குலிஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு சாதாரணக் கணிப்பொறியிலேயே பெருங்கணிப்பொறியைப் போலப் பயிற்சி செய்யலாம். அவசரப்பட்டு நூறு ஆணைகளை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். நரசிம்மன் பெற்ற கல்லூரிப் படிப்பும் கடல் கடந்த பயணமும் அந்நாளில் நம் பாட்டன்மார்க்குக் கிட்டவில்லை. வகுப்பறை வாயிலிலேயே தடுக்கப்பட்டோர் அவர்களுள் பலர். கிட்டாமற்போனது வாய்ப்பு, அறிவாற்றல் எப்போதும் இருந்தது. அவ்வாய்ப்பைத் தேடித் தருவதற்கே நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைக்கின்றது. சங்கத்து அறையில் மாலை வேளையில் நான்கு மாணவர்கள் ஒன்றுகூடி ஓர் ஆணையை அடிதோறும் எழுதிப் பார்க்கட்டும். டிஃப்ராக்கை உருவாக்கிய இளைஞர்களும் ஒருநாள் ஒன்றும் அறியாதவர்களாகவே தொடங்கினர்.