சே குவேராவின் இளமையும் மோட்டார் சைக்கிள் பயணமும்

எர்னெஸ்டோ சே குவேரா (ஜூன் 14, 1928 - அக்டோபர் 9, 1967) அர்ஜென்டினாவில் பிறந்த மருத்துவர்; கியூபப் புரட்சியின் தலைவர்களுள் ஒருவர். 1951 டிசம்பர் முதல் 1952 ஆகஸ்ட் வரை, மருத்துவ மாணவராக இருந்த காலத்தில், நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவுடன் இவர் தென் அமெரிக்காவின் குறுக்கே மேற்கொண்ட நெடும்பயணம் இவரது வாழ்க்கையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. இது மோட்டார் சைக்கிள் பயணம் என்றே பெயர் பெற்றுள்ளது. ஆயினும், ஏறத்தாழ எட்டு மாதப் பயணத்தில் முதல் இரண்டு மாதங்கள் மட்டுமே வண்டி உடன் இருந்தது. திட்டமிட்ட வண்டி பாதியிலேயே கைவிடப்பட்டதன் விளைவாகவே, பின்னாளில் இப்பயணம் எதற்காக நினைவுகூரப்படுகிறதோ அந்த அனுபவங்கள் பலவும் இவருக்குக் கிடைத்தன.

இளமை

எர்னெஸ்டோ குவேரா அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், ஐந்து பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தை எர்னெஸ்டோ குவேரா லின்ச். தாய் செலியா டெ லா செர்னா. இரண்டு வயதளவில் இவரை ஆஸ்துமா நோய் பற்றியது. வாழ்நாள் முழுவதும் அது இவரை விட்டு நீங்கவில்லை. வறண்ட மலைக்காற்று நோய்க்கு நல்லது என்று மருத்துவர்கள் கூறியதால், குடும்பம் கோர்டோபா மாகாணத்தின் அல்ட்டா கிராசியா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. நோயினால் தொடக்கத்தில் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்ல இயலாத மகனுக்குத் தாயே வீட்டில் பாடம் கற்பித்தார். தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த நெருக்கம் பின்னர் இவர் எழுதிய கடிதங்களிலும் தெரிகிறது.

நோய் இருந்தபோதிலும் இவர் ரக்பி விளையாட்டில் தீவிரமாக ஈடுபட்டார். கோர்டோபா நகரில் இவருக்கு ரக்பி பயிற்சி அளித்தவர் அல்பேர்ட்டோ கிரனாடோ. 1922இல் பிறந்த கிரனாடோ, இவரைவிட ஆறு வயது மூத்தவர். எர்னெஸ்டோவின் ஆவேசமான ஆட்டத்தால் இவருக்கு ஃபூசெர் என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. 1948இல் புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். சே என்ற பெயர் அக்காலத்தில் இவருக்கு இல்லை. அர்ஜென்டினர்கள் பிறரை விளிக்கப் பயன்படுத்தும் அச்சொல், மத்திய அமெரிக்காவில் சந்தித்த கியூபர்களால் பின்னாளில் இவருக்குப் பெயராக இடப்பட்டது.

முந்தைய பயணங்கள்

1950ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று, மிதிவண்டியில் சிறிய இத்தாலிய இயந்திரம் ஒன்றைப் பொருத்திக்கொண்டு எர்னெஸ்டோ தனியாகப் புறப்பட்டார். அர்ஜென்டினாவின் வட மாகாணங்களில் நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் சுற்றினார். வழியில், சான் ஃபிரான்சிஸ்கோ டெல் சன்யார் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிவந்த கிரனாடோவைச் சந்தித்தார். பயணம் முடிந்தபின் அந்த இயந்திரத்தை விற்ற நிறுவனம் எல் கிராஃபிக்கோ என்ற விளையாட்டு இதழில் இவரது படத்துடன் விளம்பரம் வெளியிட்டது.

1951இல் எண்ணெய்க் கப்பல்களில் செவிலியராகப் பணியாற்றி பிரேசில், திரினிடாட் முதலிய இடங்களின் துறைமுகங்களைக் கண்டார். கப்பல் வேலையில் கடலில் கழியும் நாட்கள் மிகுதி. கரையில் கிடைக்கும் நேரமோ குறைவு. எனவே அவ்வேலை இவருக்கு நிறைவளிக்கவில்லை.

திட்டம்

1951 அக்டோபரில், விடுமுறைக்காகக் கோர்டோபா சென்றிருந்த எர்னெஸ்டோ, கிரனாடோவின் வீட்டுக் கொடிமுந்திரிப் பந்தலின் கீழ் அமர்ந்து மாத்தே என்னும் இலைப் பானம் அருந்தியபடி உரையாடிக்கொண்டிருந்தார். உயிர்வேதியியலாளரான கிரனாடோ அப்போது தொழுநோய் மருத்துவமனைப் பணியை விட்டுவிட்டு, மற்றொரு மருத்துவமனையில் குறைந்த ஊதியத்துக்கு வேலை பார்த்துவந்தார். இருவரும் தத்தம் நிலையில் சலிப்புற்றிருந்தனர். கிரனாடோவின் மோட்டார் சைக்கிளில் வட அமெரிக்கா வரை செல்வது என்ற எண்ணம் அன்றைய பேச்சில்தான் உருவானது.

ஆயத்த வேலைகளை இருவரும் பிரித்துக்கொண்டனர். புறப்படுவதற்கு முன் இயன்ற அளவு பாடங்களில் தேர்வெழுதி முடிப்பது எர்னெஸ்டோவின் பொறுப்பு. வண்டியைச் செப்பனிடுவதும் வழித்தடத்தை ஆராய்வதும் கிரனாடோவின் பொறுப்பு. நுழைவு அனுமதிகள், சான்றிதழ்கள், பிற ஆவணங்கள் ஆகியவற்றைப் பெறுவதற்கு மிகுந்த அலைச்சல் தேவைப்பட்டது. வழியிலுள்ள தொழுநோய் மருத்துவமனைகளைப் பார்வையிடுவதும் நோக்கங்களுள் ஒன்று. பயணம் பாதியில் நின்றுபோனால் பிறர் முன் தலைகுனிய நேரும் என்று அஞ்சி, அண்டை நாடான சிலிக்குச் செல்வதாகவே இருவரும் வெளியில் சொல்லிவந்தனர்.

எர்னெஸ்டோவின் பெற்றோருக்குப் பெருங்கவலை இருந்தது. மகனின் ஆஸ்துமா ஒரு காரணம். படிப்பு முடியும் தறுவாயில் இருந்தது மற்றொரு காரணம். திரும்பி வந்து மருத்துவப் பட்டம் பெறுவேன் என்று எர்னெஸ்டோ தாய்க்கு வாக்களித்தார்.

வண்டி

பயணத்திற்குப் பயன்பட்டது பிரித்தானியத் தயாரிப்பான 1939ஆம் ஆண்டு நார்ட்டன் வண்டி. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 500 சி.சி. வகையைச் சேர்ந்தது. புறப்படும்போது அதற்கு வயது பன்னிரண்டு. ஆற்றல் மிக்கவள் என்று பொருள்படும் லா பொடெரோசா என்ற பெயரை கிரனாடோ முன்பு தம் மிதிவண்டிக்கு இட்டிருந்தார். ஆகவே இவ்வண்டி இரண்டாம் லா பொடெரோசா ஆயிற்று.

இருவர், கூடாரம், படுக்கைப் பைகள், சமையல் பொருட்கள், கருவிகள், மருந்துகள் என அனைத்தையும் அது சுமந்தது. சுமையின் பெரும்பகுதி பின் அச்சின் மீது விழுந்ததால், முன் சக்கரம் எளிதில் தரையை விட்டு எழும்பியது. திருப்பங்களில் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினமாயிற்று. பயணம் முழுவதும் இவர்கள் அடிக்கடி கீழே விழுந்ததற்கு மண் சாலைகளோடு இந்தச் சுமைப் பகிர்வும் காரணமாகும். உடைந்த பாகங்களைக் கம்பியால் இறுக்கிக் கட்டி ஓட்டுவதில் கிரனாடோ கைதேர்ந்தவராக இருந்தார்.

புறப்பாடு

1951 டிசம்பர் 29 அன்று இருவரும் கோர்டோபாவிலிருந்து புறப்பட்டனர். எர்னெஸ்டோவின் குடும்பத்தைக் காண்பதற்காக முதலில் புவெனஸ் ஐரிஸ் சென்றனர். 1952 ஜனவரி 4 அன்று அங்கிருந்து கிளம்பி அட்லாண்டிக் கடற்கரை வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றனர். உள்நாட்டு மாகாணத்தில் வளர்ந்த கிரனாடோ, இருபத்தொன்பது வயதில் முதன்முறையாகக் கடலைக் கண்டது இக்கட்டத்தில்தான்.

எர்னெஸ்டோ காதலித்துவந்த சிச்சினா ஃபெரெய்ரா, மிராமார் என்ற கடற்கரை ஊரில் விடுமுறையில் இருந்தார். இவர் கோர்டோபாவின் செல்வக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். திரும்பி வருதல் என்று பொருள்படும் கம்பேக் என்ற ஆங்கிலப் பெயரை இட்டு, ஒரு நாய்க்குட்டியை எர்னெஸ்டோ அவருக்குப் பரிசாகக் கொண்டுசென்றார். இரண்டு நாள் தங்குவதாக இருந்த இடத்தில் எட்டு நாட்கள் கழிந்தன. பயணம் அங்கேயே முடிந்துவிடுமோ என்று கிரனாடோ ஐயுற்றார். இறுதியில் எர்னெஸ்டோ விடைபெற்றுக்கொண்டு மீண்டும் வண்டியில் ஏறினார்.

அர்ஜென்டினாவைக் கடத்தல்

பாகியா பிளாங்கா நகரில் வண்டி பழுது பார்க்கப்பட்டது. அதற்கு அப்பால் இருந்த மணல்மேடுகளில் சக்கரங்கள் புதைந்தன. ஓட்டியதும் தள்ளியதுமாக அப்பகுதியைக் கடந்தனர். சோயெலே சோயெல் என்ற ஊரில் கடுங்காய்ச்சல் கண்ட எர்னெஸ்டோ சில நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. கையிருப்பு குறைந்ததால், பண்ணைகளிலும் கொட்டகைகளிலும் இடம் கேட்டு இரவைக் கழிக்கும் வழக்கம் தொடங்கியது.

ஜனவரி இறுதியில் ஆண்டிஸ் மலையடிவாரத்தை அடைந்தனர். பிப்ரவரியில் பாரிலோச்சே நகரில் எர்னெஸ்டோவுக்குச் சிச்சினாவின் கடிதம் கிடைத்தது. உறவை முடித்துக்கொள்வதாக அதில் அவர் தெரிவித்திருந்தார். புறப்பட்டு இரண்டு மாதங்கள்கூட ஆகியிராத நிலையில், ஊர் திரும்புவதற்கு இருந்த காரணங்களுள் ஒன்று இவ்வாறு இல்லாமற்போயிற்று.

பிப்ரவரி 14 அன்று ஏரிகள் வழியே சிலி நாட்டுக்குள் நுழைந்தனர். சிலியின் பக்கத்து ஏரியில், தங்களுக்கும் வண்டிக்குமான கட்டணத்தை ஈடுசெய்ய, ஒழுகும் படகிலிருந்து நீரை இறைத்து வெளியேற்றும் வேலையைச் செய்தனர்.

வண்டியின் முடிவு

சிலியின் தெமுக்கோ நகரில் வெளியாகும் எல் அவுஸ்த்ரால் நாளிதழ், மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றும் தொழுநோய் வல்லுநர்கள் என இவர்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. எர்னெஸ்டோ உண்மையில் பட்டம் பெறாத மாணவர். ஆயினும் அச்செய்தி நறுக்கு உணவும் தங்குமிடமும் பெறுவதற்கு உதவியது.

வண்டியின் நிலையோ நாளுக்கு நாள் மோசமடைந்தது. லவுத்தாரோ என்ற ஊருக்கு அருகில் பாகங்கள் உடைந்து, பற்றவைத்து ஓட்ட வேண்டியிருந்தது. பின்னர் ஓர் இறக்கத்தில் பிரேக் செயலிழந்து, சாலையில் வந்த மாட்டு மந்தையோடு மோதினர். அதன்பின் லா பொடெரோசா தன் ஆற்றலால் நெடுந்தூரம் செல்லவில்லை. லாரியில் ஏற்றப்பட்டு லாஸ் ஆங்கெலெஸ் நகருக்கும், அங்கிருந்து தலைநகர் சாந்தியாகோவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. 1952 மார்ச் தொடக்கத்தில் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பைகளைச் சுமந்து நடக்கத் தொடங்கினர்.

வண்டி இல்லாத பயணம்

வண்டி இருந்தவரை இவர்கள் ஊர்மக்களின் ஆர்வத்துக்குரிய பயணிகளாக இருந்தனர். வண்டி போனபின், லாரிகளை மறித்து இடம் கேட்கும் பல வழிப்போக்கர்களுள் இருவராயினர். லாரிகளின் பின்தட்டில் தொழிலாளர்களோடும் மலைவாழ் இந்தியப் பழங்குடி மக்களோடும் பயணம் செய்தனர். வால்பரைசோ துறைமுக நகரில், ஆஸ்துமாவும் இதய நோயும் கொண்ட ஏழை முதியவள் ஒருத்தியை எர்னெஸ்டோ பார்க்கச் சென்றார். வேலைக்காரியாக உழைத்துப் பிழைத்துவந்த அவளுக்கு, தாம் கற்ற மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது என்பதை உணர்ந்தார். தாமே ஆஸ்துமா நோயாளியாக இருந்ததால், அந்தச் சந்திப்பு அவரை ஆழமாகப் பாதித்தது.

ஈஸ்டர் தீவின் தொழுநோய் மருத்துவமனைக்குச் செல்லும் விருப்பம், கப்பல் கிடைக்காததால் நிறைவேறவில்லை. சரக்குக் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டு வட சிலியின் அந்தோஃபகாஸ்தாவை அடைந்தனர். அட்டகாமா பாலைவனத்தில், பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால் சிறைப்பட்டு மீண்டிருந்த தொழிலாளி ஒருவரையும் அவர் மனைவியையும் சந்தித்தனர். போர்வைகூட இல்லாதிருந்த அவர்களுக்குத் தங்கள் போர்வைகளுள் ஒன்றைக் கொடுத்தனர். அதன்பின் சுக்கிகமாத்தா செப்புச் சுரங்கத்தைப் பார்வையிட்டனர்.

பெரு நாட்டில் மச்சு பிச்சுவைக் கண்டபின், லிமாவில் தொழுநோய் மருத்துவர் ஊகோ பெசே இவர்களுக்கு உதவினார். அமேசான் கரையிலுள்ள சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பில் 1952 ஜூனில் சுமார் இரு வாரங்கள் தங்கிப் பணிசெய்தனர். எர்னெஸ்டோவின் 24ஆம் பிறந்தநாள் அங்கு கொண்டாடப்பட்டது. அங்கிருந்து மம்போ-டாங்கோ எனப் பெயரிடப்பட்ட மிதவையில் ஆற்று வழியே சென்று, கொலம்பியா வழியாக ஜூலையில் வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸை அடைந்தனர்.

திரும்புகை

வெனிசுவேலாவில் தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் கிரனாடோவுக்கு வேலை கிடைத்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். எர்னெஸ்டோ பந்தயக் குதிரைகளை ஏற்றிச்சென்ற சரக்கு விமானத்தில் அமெரிக்காவின் மயாமி நகருக்குச் சென்றார். மோட்டார் சைக்கிளில் அடைய எண்ணிய வட அமெரிக்காவை இவ்வாறுதான் அடைந்தார். விமானம் பழுதானதால் சில வாரங்கள் அங்கு காத்திருக்க நேர்ந்தது. 1952 ஆகஸ்ட் 31 அன்று புவெனஸ் ஐரிஸ் திரும்பினார்.

புறப்படும்போது வகுத்த திட்டங்களுள் முழுமையாக நிறைவேறியது தாய்க்கு அளித்த வாக்குறுதி. எஞ்சிய தேர்வுகளைச் சில மாதங்களில் எழுதி முடித்து, 1953இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் மற்றொரு நண்பருடன் தொடர்வண்டியில் மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அதன்பின் அவர் அர்ஜென்டினாவில் நிலையாக வாழவில்லை.

பிற்கால வாழ்க்கை

1954இல் குவாத்தமாலாவில் அரசு கவிழ்க்கப்பட்டதை நேரில் கண்டார். 1955இல் மெக்சிக்கோவில் ஃபிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். 1956இல் கிரான்மா படகில் கியூபா சென்று கெரில்லாப் போரில் தளபதியானார். 1959இல் புரட்சி வென்றபின் தேசிய வங்கித் தலைவர், தொழில்துறை அமைச்சர் ஆகிய பொறுப்புகளை வகித்தார். அதே ஆண்டு லா கபாஞா கோட்டையில் இவரது பொறுப்பில் நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகள் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளன. 1965இல் காங்கோவிலும் பின்னர் பொலிவியாவிலும் போரிட்டார். 1967 அக்டோபர் 8 அன்று பொலிவியப் படையினரிடம் பிடிபட்டு, மறுநாள் லா இகேரா என்ற சிற்றூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997இல் கண்டெடுக்கப்பட்ட எச்சங்கள் கியூபாவின் சாந்தா கிளாராவில் அடக்கம் செய்யப்பட்டன.

கிரனாடோ 1961இல் கியூபாவுக்குக் குடிபெயர்ந்து மருத்துவக் கல்வியில் பணியாற்றினார். 2011 மார்ச் 5 அன்று ஹவானாவில் காலமானார்.

நாட்குறிப்பும் திரைப்படமும்

வழியில் எழுதிய குறிப்புகளை எர்னெஸ்டோ ஊர் திரும்பிய பின் விரித்து எழுதினார். புறப்பட்டவனும் திரும்பி வந்தவனும் ஒருவன் அல்லன் என்ற கருத்தை அதன் தொடக்கத்திலேயே அவர் பதிவு செய்துள்ளார். இந்நூல் அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1990களில் வெளியாயிற்று. கிரனாடோவும் தனியாக நாட்குறிப்பு எழுதியிருந்தார். இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு, பிரேசில் இயக்குநர் வால்ட்டர் சாலெஸ் இயக்கிய மோட்டார் சைக்கிள் டைரீஸ் திரைப்படம் 2004இல் வெளிவந்தது. அதில் எர்னெஸ்டோவாக கேல் கார்சியா பெர்னால் நடித்திருந்தார்.