மணலில் எழுதிப் பழகிய பாதிரியார்

தரங்கம்பாடிக்கு டூர் போய்ட்டு வந்தவங்க போனைத் திறந்தா, டேனிஷ் கோட்டை முன்னாடி எடுத்த செல்ஃபி கட்டாயம் இருக்கும். அந்தக் கோட்டையில் நாலு மாசம் அடைத்து வைக்கப்பட்ட ஒரு இளைஞரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். பள்ளிப் பாடத்தில் ஒரு மார்க் கேள்விக்காக நீங்க மனப்பாடம் பண்ணின அதே பெயர்தான்.

1682-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். ஹாலே நகரத்தில் படிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பு பாதியில் நின்றது. அந்த நேரத்தில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், தன் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்ப ஆள் தேடினார். சீகன்பால்கும் புளூட்சாவ் என்ற நண்பரும் கிளம்பினார்கள். 1705 நவம்பரில் ஏறிய கப்பல் 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயசு சுமார் 24. நம்ம சீனியர்களை விட ரெண்டு மூணு வயசுதான் கூட.

வந்து இறங்கியவர்களை வரவேற்க யாரும் இல்லை. அரசரே அனுப்பினவங்கதான், ஆனா அங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு இவங்க வந்ததே பிடிக்கலை. வியாபாரம் பண்ற இடத்தில் பாதிரிகளுக்கு என்ன வேலை?

அவர் வரும்போதே புனிதராக வந்தார் என்று நான் எழுதப் போவதில்லை. வந்த புதிதில், வழியில் பார்த்த ஒரு சின்னக் கோயிலில் இருந்த மண் உருவங்களைத் தள்ளி உடைத்திருக்கிறார். பக்தி வேகம்! அப்புறம் ஒரு தமிழர், படித்தவர், வந்து பொறுமையாக விளக்கியிருக்கிறார்: இவை தெய்வங்களே இல்லை, தெய்வத்துக்குக் காவல் நிற்கும் சேவகர்கள். அந்த இடத்தில் அவர் நிலையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எதை உடைத்தோம் என்பதே தெரியாமல் உடைத்திருக்கிறார்.

அதுக்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒரு வயதான வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டிலேயே நடத்தச் சொன்னார். சின்னப் பசங்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. போர்த்துகீசியம் உட்பட சில மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் துபாஷியாக வந்த பிறகுதான் சொற்கள் பிடிபட்டன. சுமார் எட்டு மாதத்தில் படிக்க, எழுத, பேசக் கற்றுக்கொண்டார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவரானார்.

அவருடைய டைம்டேபிளைக் கேட்டா நமக்குக் காய்ச்சல் வரும். காலை ஏழு முதல் எட்டு வரை பழைய சொற்களைத் திரும்பச் சொல்வது. எட்டு முதல் பன்னிரண்டு வரை, ஒரு புலவரையும் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுச் சுவடிகளைப் படிப்பது. மாலையில் மறுபடியும் படிப்பு. இரவில் விளக்கு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாததால், வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். நடை படியணும் என்பதற்காக ஒரே நூலைக்கூடத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாராம். சுவடிகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியலும் தயாரித்தார். திருக்குறளும் அதில் உண்டு.

அதே வருஷக் கடைசியில்தான் ஜெயில். ஒரு ஏழை விதவையின் வழக்கில் அவள் பக்கம் நின்றார். டேனிஷ் தளபதி ஹாசியஸ் அவரைப் பிடித்துக் கோட்டையில் போட்டார். நாலு மாசம். வெளியே வந்ததும், பாதியில் விட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார், 1711-ல் முடித்தார்.

இனி நம்ம ஏரியா. மொழிபெயர்த்தாச்சு, அச்சடிப்பது எப்படி? லண்டனிலிருந்து ஒரு அச்சு இயந்திரம் வந்தது, வழியில் கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். 1713-ல் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. ஆனால் சைஸ் பெரிசு. அந்த எழுத்தில் முழுப் புத்தகமும் போட்டால் கையிருப்புக் காகிதம் போதாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த சீஸைப் பொதிந்திருந்த ஈயத் தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வார்கள்! பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. (முதல் தமிழ் அச்சு நூல் இதுதான்னு நினைச்சுடாதீங்க. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது.)

இதற்கிடையே 1713-ல் இன்னொரு புத்தகமும் எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, தமிழ்ச் சுவடிகளையும் தமிழர்கள் எழுதிய கடிதங்களையும் ஆதாரமாக வைத்து எழுதிய பெரிய நூல். மண் உருவங்களை உடைத்த அதே கை, அய்யனார் யார், மாரியம்மன் யார், மக்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று விவரமாக எழுதியது. அந்த வழிபாட்டை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அது தவறு என்றே கடைசி வரை நம்பினார். இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் பேசக் கூடாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். கையெழுத்துப் பிரதியை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அவருடைய குரு பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். இந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு இல்லை என்பது அவர் எண்ணம். ஏழு வருஷம் ஓடி ஓடிக் கற்றதை, கற்கத் தூண்டிய இடமே வேண்டாம்னு சொன்னா எப்படி இருக்கும்?

அவர் நிறுத்தவில்லை. ஐரோப்பா போன இடத்தில், 1716-ல், லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணத்தை ஹாலேயில் அச்சாக்கினார். அதே வருஷம் மரியா டொரோத்தியாவைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகத்துக்கு அதிலும் திருப்தி இல்லை. கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்று கடுமையான கடிதங்கள் வந்தன. ஏற்கெனவே நலிந்திருந்த உடம்பு தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23-இல் இறந்தார். வயசு 36. அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கோட்டையிலிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்த டூரில் உள்ளே போய்ப் பாருங்க.

ஹாலேயில் அந்தத் தெய்வங்கள் நூல் அப்படியே கிடந்தது. 1867-ல்தான் அச்சேறியது. அச்சிட்ட ஊர் சென்னை.