சோளம் பொரிந்த அந்த நாள்

பாப்கார்ன் பொட்டலத்தை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துவிட்டு, அது படபடவெனப் பொரியும்வரை ஆவலோடு காத்திருப்பீர்கள் அல்லவா? அந்த அடுப்பைக் கண்டுபிடித்தவன் நான்தான். என் பெயர் பெர்சி ஸ்பென்சர்.

நான் 1894ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தேன். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தேன். உறவினர் வீட்டில் வளர்ந்தேன். குடும்ப வறுமையால் 12 வயதிலேயே பள்ளியை விட்டு ஆலை வேலைக்குச் சென்றேன்.

1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கியது. கம்பியில்லாத் தந்தி மூலம் உதவி கேட்ட செய்தி என்னை ஈர்த்தது. கடற்படையில் சேர்ந்தேன். இரவுக் காவலின்போது அறிவியல் நூல்களை நானே படித்துக் கற்றேன். பின்னர் ரேதியான் நிறுவனத்தில் பொறியியலாளராக உயர்ந்தேன். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளுக்கான மேக்னெட்ரான் குழாய்களைத் தயாரித்தோம்.

1945ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நாள், இயங்கிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் அருகே நின்றேன். சட்டைப்பையில் இருந்த சாக்லேட் உருகிவிட்டது! அந்த வெப்பத்தை மற்றவர்களும் கவனித்திருந்தார்கள். நான் அதற்கான காரணத்தைத் தேடினேன். சோள மணிகளை வாங்கிவரச் செய்து, குழாயின் அருகில் வைத்தேன். தீயும் இல்லை, சட்டியும் இல்லை. ஆனாலும் சோளம் பொரிந்து சிதறியது!

இது எப்படி நடந்தது? ஒவ்வொரு சோள மணிக்குள்ளும் சிறிதளவு நீர் உண்டு. நுண்ணலைகள் அந்த நீரைச் சூடாக்குகின்றன. கடினமான தோலைத் தாண்டி நீராவி வெளியேற முடியாது. ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் தோல் வெடித்து, உள்ளே இருக்கும் மாவுப்பொருள் வெண்மையாக விரிகிறது.

1947இல் வந்த எங்கள் முதல் அடுப்பு ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரமும் 340 கிலோ எடையும் கொண்டது. சோளத்தை உறையிலிட்டு நுண்ணலையில் பொரிக்கும் முறைக்கு 1949இல் காப்புரிமை பெற்றேன். சமையலறை மேசையில் வைக்கக்கூடிய சிறிய அடுப்பு 1967இல் விற்பனைக்கு வந்தது. அதையும் கண்ட பிறகே, 1970இல் என் வாழ்க்கைப் பயணம் நிறைவுற்றது.

பள்ளிப் படிப்பை முடிக்காத எனக்கு ஒரு பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. மாணவர்களே, உங்களுக்குப் பள்ளியும் இருக்கிறது, நூலகமும் இருக்கிறது. அடுத்த முறை சோளம் பொரியும்போது, ஏன், எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன்.