பற்களைப் பேணிய பேரறிஞர் ஸஹ்ராவி (ரஹ்)

இஸ்லாமிய ஸ்பெயினின் தலைநகரான குர்துபாவுக்கு அருகில், மதீனத்துஸ் ஸஹ்ராவில் கி.பி. 936-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் மருத்துவ மேதை அபுல் காஸிம் ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள். தம் அனுபவங்களை 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட நூலாக, மாணவர்களுக்கென்றே எழுதினார்கள்.

பற்களில் படியும் காரை ஈறுகளைக் கெடுக்கும் என அன்னார் எச்சரித்தார்கள். நோயாளியின் தலையை மடியில் வைத்துச் சுரண்டு கருவிகளால் காரையை அகற்றுவதையும், ஒரே நாளில் முடியாவிடில் மறுநாளும் தொடர்வதையும் படங்களுடன் விளக்கினார்கள். பல்லுக்கு ஈடில்லை; ஆகவே பிடுங்க அவசரப்படலாகாது என்பது அன்னாரின் கொள்கை. ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையையும் கற்பித்தார்கள்.

கி.பி. 1013-ஐ ஒட்டி அன்னார் மறைந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூலின் அறுவை மருத்துவப் பாகம், ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக விளங்கியது.

இன்று பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளில் பலர், பல் நோயின் காரணத்தை அறிந்தும் இரவில் பல் துலக்காமலே உறங்குகின்றனர். இல்மு இருந்தும் அமல் இல்லாத நிலை இது! உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்பதாலேயே ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த சுன்னத்தை இன்றே வீட்டில் உயிர்ப்பிப்போமாக! அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.